மாதாவுக்கு விட்ட இடம்

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

அப்பா கத்துகிறார். நான் பங்கர்க் குழிக்குள் குப்புறக் கிடக்கிறேன். வாயில் மண். ஒரு பக்கம் அப்பாவின் முழங்கை. மறுபக்கம் மாதா சொரூபம். ஊதாச் சீலை சுற்றிய மரக்கை என் விலாவில் இடிக்கிறது. தூரத்தில் பீரங்கியிலிருந்து ஷெல் குத்துற சத்தம். டும். பிறகு கூவல். கூவிக்கொண்டு போனால் எங்களைத் தாண்டிவிட்டது. கூவாமல் வருவதுதான் எங்களுக்கு. ஒன்பது வயதில் இது எனக்குச் செபம் போலப் பாடம்.

2009. தவக்காலம், சொரூபங்களுக்கு ஊதாச் சீலை சுற்றும் நாட்கள். வெள்ளிக்கிழமை. வன்னிக் கரையோரம். சின்னம்மா பங்கரின் வாசலில் குந்தியிருக்கிறா. உள்ளே அவவுக்கு இடமில்லை.

எங்கள் கோயிலைக் கட்டியவர்கள் ஐரோப்பியக் குருமார். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குப் பரபரக்கிறது. கூர்முனை வளைவுகள். பனை உயர மணிக்கூண்டு. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த நிறக் கண்ணாடி யன்னல்கள். அதே கப்பலில் மாதா. ஆள் நீளம். இரண்டு கையும் விரித்தபடி.

இப்போது மெல்பனில் கட்டடக்கலை படிக்கிறேன். விசா இழுத்ததில் பிந்தித்தான் இடம் கிடைத்தது. வெரிபீ ரயிலில் ஏறினால் இறங்கும்வரை கைபேசியில் கோயில் கோயிலாய்த் தோண்டுவேன். கொலோன். ரைம்ஸ். டிரெஸ்டன் கோயிலைப் பாருங்கள், குண்டில் விழுந்த கறுத்த கற்களையும் புதுச் சுவருக்குள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பைத்தியம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

போன மாதம் விரிவுரையில் சார்த்ர் பேராலயம். போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் நிறக் கண்ணாடி முழுவதையும் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கி ஒளித்தார்களாம். வகுப்பே "வாவ்" என்றது. நானும் சொன்னேன். அடுத்த படம் வரும்வரை இருக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன்.

எங்களிடம் பெட்டி இல்லை. பங்கர் இருந்தது.

அப்பா கோயில் மூப்பர். கோயிலின் உடைமைக்கு ஊர்ப்பொறுப்பு அவர். கோயில் வளவில் பங்கர் வெட்டியதும் முதலில் மாதாவைத்தான் இறக்கினார். நாலு பேர் பிடித்தார்கள். வானத்தைப் பார்க்கக் கிடத்தினார்கள். விரித்த கைகள் பாதிப் பங்கரைப் பிடித்துக்கொண்டன. மிச்சத்தில் அப்பா, நான். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவ சின்னம்மா. அவவின் சேலைகளைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைகள்தான் எங்கள் சுவர். அவ வெளியே.

சின்னம்மாவின் வாய் சும்மா கிடக்காது.

"மாதா நல்லாக் கையைக் காலை நீட்டிப் படுத்திருக்கிறா. எனக்குக் குந்தவும் வழியில்லை. கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்கோவன், அத்தான்."

"வாயைக் கழுவு! மாதாவை ஒருக்களிச்சுப் போடுறதே? கை முறிஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

"முறிஞ்சால் ஒட்டலாம். என்னை ஒட்டேலாது."

நான் சிரித்தேன். அவவும் சிரித்தா. அப்பா செபமாலையை எடுத்தார்.

பிறகு அந்த வெள்ளி. நாலு கூவல் தாண்டிப் போகிறது. நிற்கிறது. காகம்கூடக் கத்தவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

"உள்ள வா! செலின், உள்ள வா!"

"எங்க வாறது, அத்தான்?"

கூவல் கேட்கவில்லை. வெளிச்சம். காது அடைத்தது. மேலே மணி ஒருமுறை தானாக அடித்தது. பிறகு கண்ணாடி கொட்டும் சத்தம். நீண்ட நேரம் கொட்டியது.

போன கிழமை பங்கரை வரைந்தேன். அளவுக்கு அப்பாவைக் கேட்டேன். தொழிற்சாலைச் சப்பாத்தோடு குசினிக் கதிரையில் இருந்தார். இந்த நாட்டுக்குப் படகில் என்னை மடியில் வைத்துக் கொண்டுவந்த மனிதர். நீளம், அகலம், ஆழம் எல்லாம் யோசிக்காமலே சொன்னார். நான் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"மாதாவை ஒருக்களிச்சுப் போட்டுப் பாத்தனியே, பிள்ளை?"

"ஓம்."

"இடம் காணுமே?"

"காணும், அப்பா."

சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். நிமிரவில்லை.

இதைக் கணக்கில் வையுங்கள். கோயில் கூரை, முழுவதும். மணிக்கூண்டு. நிறக் கண்ணாடி, ஒரு துண்டு மிஞ்சவில்லை. கோயிலுக்குள் தஞ்சமிருந்த சனம். எத்தனை பேர் என்று எண்ண அன்று அங்கே யாரும் நிற்கவில்லை. மாதா இந்தக் கணக்கில் இல்லை. ஊரில் கட்டிய புதுக் கோயிலில் கை விரித்து நிற்கிறா, ஒரு கீறலும் இல்லாமல்.

செலின் சின்னம்மா. முப்பத்தொரு வயது. குந்தியிருக்க ஒன்றரை அடி போதும்.