பேர் வைக்காத பிராணி

இந்த இடத்தில் என் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், தாய்மாரே. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருக்கிற நமக்கென்றே ஒரு குட்டிக் கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கொஞ்சம் பயமான கதை... பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர். அங்கே தையல்நாயகி என்று ஓர் அம்மா. அவர் வீட்டுக்காரர் சிங்காரவேலு. ஒருநாள் விடியலில் தம்பி கலியமூர்த்தியையும் பக்கத்து வீட்டுப் பக்கிரியையும் பைபர் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனார். போன பிறகு காற்று திரும்பியது. மழை இறங்கியது. மற்றப் படகெல்லாம் கரை ஏறிவிட்டன. இவர் படகு? வரவில்லை. மதியம் ஆயிற்று... வரவில்லை. போன் அடித்தால், ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்கிறாள் ஒருத்தி. வெளியே என்றால் எங்கே? கடலுக்குள்ளேயா, கடலுக்கு அடியிலேயா? அதை அவள் சொல்வாளா?

அம்மா திரும்பத் திரும்பப் போன் அடிப்பதைப் பார்த்தாள் மகள் அபிராமி. தன் செல்போனைக் கொடுத்தாள்.

“அம்மா, இந்த கேமைக் கொஞ்ச நேரம் ஆடு. மனசு அடங்கும். இதுல சண்டை இல்ல, சாவு இல்ல.”

என்ன விளையாட்டு தெரியுமா? எங்கேயோ ஒரு கிரகம். நீலப் புல். மெல்லிசாக ஒரு பாட்டு. மெதுவாக நடந்து போக வேண்டும். பூமியில் இல்லாத பிராணிகள் எதிரே வரும். கையை நீட்டினால் வந்து உட்காரும். பேர் வைத்தால் நம்மோடு தங்கும். அந்த ஊர்ச் சூரியன் சாய்வதற்குள் பேர் வைக்காவிட்டால் காட்டுக்குள் போய்விடும். திரும்பி வராது.

முதலில் ஒன்று ஆறு காலால் குதித்துக் குதித்து வந்தது. அந்த வேதனையிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்க சித்தப்பா நடை அப்படியே இருக்குடி! கலியமூர்த்தின்னு போடு.”

அடுத்தது வயிறு பெருத்த ஒன்று. கல், மண் என்று கண்டதையெல்லாம் மென்றுகொண்டே வந்தது.

“இது பக்கிரியேதான்!”

மூன்றாவது... புல்லுக்குப் பின்னால் நின்று பார்த்தது. அதற்கு ஒரு தோள் சாய்ந்திருந்தது. வலை இழுத்து இழுத்துச் சாய்ந்த தோள் போல. அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அது மெல்ல வந்து கையில் உட்கார்ந்தது. ‘பேர் என்ன?’ என்று திரை கேட்டது.

“சொல்லும்மா, அடிக்கிறேன்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்பா பேருதானே? நானே போடுறேன்...”

“கையை எடுடி! நான் ஆடுற ஆட்டத்துல என் புருசன் பேரு வரக் கூடாது, அதுவும் அவங்க கடல்ல இருக்கறப்ப. ஆயுசு குறையும்.”

சூரியன் சாய்ந்தது. பிராணி கையிலிருந்து இறங்கியது. ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஓர் அடி... இன்னோர் அடி... நீலப் புல் மூடிக்கொண்டது.

“ஐயோ, போறாங்களே! அபிராமி, நிறுத்துடி!”

“போயிடுச்சும்மா. இனி வராது. கேமுதானேம்மா, அழாதே.”

கேமா? சொல்லுங்கள், அந்த அம்மாவுக்கு அது கேமா?

அப்போதுதான் கரையில், படகுக்குத் திசை காட்ட மைக் சத்தம். இருவரும் ஓடினார்கள். மழை சுவர் மாதிரி நிற்கிறது. உள்ளே எங்கேயோ ஒரு மோட்டார் சத்தம் கேட்கிறது... அடங்குகிறது... கேட்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஊரிலும் படகு திரும்பவில்லை; அந்தக் கரையிலும் மைக் கத்துகிறது. இரண்டு கரைக்கும் நடுவே கருங்கல் தடுப்பு. கரை தவறினால் படகு கல்லில்தான்.

மைக் பிடித்திருந்த ஊர்ப் பெரியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“என் குரல் அலையில அமுங்குது. பழகின குரலுக்குத்தான் காது நிமிரும். நீ கூப்பிடு தாயி.”

அம்மா மைக்கை வாங்கினார். “ஏங்க...! ஏங்க...!”

“‘ஏங்க’ன்னா எந்தப் புருசன் வருவான்? அந்தக் கரையிலயும் அதைத்தான் கத்துறாளுவ. பேரைச் சொல்லு!”

சொன்னால் ஆயுசு குறையுமே... சொல்லாவிட்டால்? கண்ணுக்குள்ளே நீலப் புல். அதற்குள் மறைகிற அந்தச் சாய்ந்த தோள். மோட்டார் சத்தம் கல் பக்கம் நகர்கிறது. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“சிங்காரவேலூ...! சிங்காரவேலூ...! இங்க வாங்க...! இங்க!”

மோட்டார் நின்றது. பிறகு சத்தம் இந்தப் பக்கம் திரும்பியது! மழையைக் கிழித்துக்கொண்டு படகின் மூக்கு தெரிந்தது.

முதலில் குதித்தவன் பக்கிரி. “அண்ணி குரலு, அதுவும் அண்ணன் பேரைச் சொல்லி! வீட்டுல ஏதோ பெரிய தகராறுன்னு பயந்துதான் இந்தப் பக்கம் திருப்பினோம்.”

தையல்நாயகி சிரிக்கவில்லை. புருசன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “பேரைச் சொல்லிட்டேனே... ஆயுசு குறைஞ்சிடாதே?”

“கல்லு கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சுடி. இல்லாத ஆயுசு எங்கேருந்து குறையும்? நீ இப்பக் குடுத்ததுதான் இது.”

தாய்மாரே... நேற்று வகுப்பில் நானும் இருந்தேன். உங்கள் பேரை எழுதினீர்கள். எவ்வளவு அழகு! பிள்ளைகள் பேரை எழுதினீர்கள். ‘வீட்டுக்காரர் பேரை எழுதுங்கள்’ என்று டீச்சர் சொன்னதும் ஏன் சாக்பீஸைக் கீழே வைத்தீர்கள்? பயம். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லி வைத்தவர்கள், சொல்லாவிட்டால் என்ன குறையும் என்று சொன்னார்களா? ஆஸ்பத்திரி வாசலில் பேர் கேட்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஆள் தொலைந்தால் பேர் கேட்பார்கள். அப்போதும் ‘அவங்கதான்’ என்று நிற்பீர்களா? பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் பேருக்குப் பயப்படாதீர்கள். அவரைக் கூப்பிட முடியாமல் போகிற அந்த ஒரு நாளுக்குப் பயப்படுங்கள்.

நான் எழுதக் கற்றதும் என் மனைவி பேரைப் பலகை முழுக்க எழுதினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மறுநாள் காபி இரண்டாம் தடவையும் வந்தது!

சாக்பீஸ் இதோ என் கையில் இருக்கிறது. யாரம்மா முதலில் வருகிறீர்கள்?