கூர் ஜன்னல் வீட்டுக்கு ஒரு ரெகார்டு

"வாசல் கேட்டாண்ட வரும்போதே இது வீடுதான்னு தெரியணும். அந்த மாதிரி ஒரு ரெகார்டு இருந்தா சொல்லுங்க, பாய்."

செஞ்சியில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். கேட்டவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி நயினார். கேட்கப்பட்டவர் கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டுகிற பாய். மடியில் திறந்த இசைத்தட்டுப் பெட்டி.

"வீட்டுக்கு இன்னா ஆச்சு, நயினாரே?"

"வெள்ளைக்காரன் கட்டின பங்களாவாச்சே. ஜன்னலெல்லாம் மேல கூரா, கலர் கண்ணாடி, உச்சியில மணி இல்லாத கோபுரம். புதுசா வர்றவன்லாம் மாதா கோயில்னு நெனைக்கிறான். நாளைக்குப் பொண்ணு பார்க்க வராங்க."

"நாதஸ்வரம் வைங்க."

"வேற யாருக்கோ கல்யாணம்னு நெனைச்சுட்டா?"

"அப்ப பக்திப் பாட்டு."

"மாதா கோயில்ல முருகன் பாட்டான்னு இன்னும் கொழம்புவாங்க."

"சினிமாப் பாட்டு?"

"டூரிங் டாக்கீஸ் ஆயிடும்."

"வீணை?"

"பெரிய தலைவர் யாராவது செத்தாதான் ரேடியோவுல நாளெல்லாம் வீணை வைக்கிறான்."

பாய் பெட்டியை மூடினார். "ஒண்ணுமே வைக்காதீங்க. சும்மா இருங்க."

பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

"போன தடவை சும்மாதான் இருந்தோம். உள்ள ஜெபம் நடக்குதுன்னு நெனைச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டாண்டயே செருப்பைக் கழட்டிட்டு நின்னு, கும்பிட்டுட்டுப் போயிட்டாங்களாம். பால்காரன் சொன்னான். நாங்க உள்ள, பொண்ணு கையில காப்பித் தட்டைக் குடுத்துட்டு, மூச்சு விடாம உக்காந்திருந்தோம்."