முகம் மறைக்காத வீடியோ

— எடுக்க மாட்டேன்னா எடுக்க மாட்டேன், துரார்பெக் அண்ணே. டீ ஆறுது, குடிங்க.

— டீ குடிக்கவா தங்கச்சி, அமைச்சகத்துலேர்ந்து நானே நேர்ல வந்தேன்? குழந்தைங்க பாதுகாப்புச் சட்டம் தெளிவா இருக்கு. பதினாறு வயசுப் பொண்ணு அழுறத உன் செய்தித்தளத்துல போட்டிருக்க. சாயங்காலத்துக்குள்ள எடுக்கலேன்னா தளத்தையே முடக்கச் சொல்லி எழுதிருவேன்.

— எழுதுங்க. ஏன் அழுறான்னும் சேர்த்து எழுதுங்க. காலைல பள்ளிக்கூடம் போன பொண்ணக் கார்ல தூக்கிப் போட்டுக் கொண்டுபோய், தெரியாத வீட்ல திரைக்குப் பின்னால உட்கார வச்சு, தலையில வெள்ளைத் துணியக் கட்டி, இனிமே நீ எங்க மருமகள்னு சொன்னா சிரிப்பாளா?

— தப்புதான். நியாயம்னு நான் சொல்லவே இல்ல. ஆனா சைக்கால் தங்கச்சி, அந்த மொகம்? ஊர்ல இருக்குற போன்லெல்லாம் அந்த மொகம் சுத்துதே. நாளைக்கு எந்த வகுப்புல போய் உட்காருவா? உனக்கு கருத்துச் சுதந்திரம், அவளுக்கு ஆயுசுக்கும் தலைகுனிவு.

— அது என்னையும் உறுத்துது அண்ணே, பொய் சொல்லல. மறைக்கத்தான் இருந்தேன். அவதான் வீடியோவ எடுத்து அனுப்பிட்டு போன்ல கெஞ்சினா. 'மறைச்சா யாரோ எவளோன்னு விட்டுருவாங்க அக்கா, என் முகத்தக் காட்டுங்க'ன்னு.

— பதினாறு வயசுக்கு என்ன தெரியும்?

— கல்யாணம் பண்ணி வைக்க மட்டும் அந்த வயசு போதுமோ?

— உனக்கு வாய்க்குக் குறைச்சலில்ல. சரி, மொத்தமா எடுக்க வேணாம். நாளைக்குக் காலை வரைக்கும் வீடியோவ யாரும் பாக்காம மறைச்சு வை. அப்புறம் உன் இஷ்டம்.

— ஒரு ராத்திரி அந்த வீட்ல தங்கிட்டா அவ பொண்டாட்டின்னு ஊரே முடிவு கட்டிரும். அது தெரிஞ்சுதானே காலை வரைக்கும் கேக்குறீங்க? அந்த வீடியோவுக்குப் பயந்துதான் அந்த வீடு இருக்குற கெமின் ஊர் போலீஸ் வண்டியக் கிளப்பியிருக்கு. எடுத்தேன்னா பாதி வழியில திரும்பிரும்.

— போகட்டும் தங்கச்சி. ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சாச்சு.

— எந்த ரெண்டு குடும்பம்? தாயில்லாம அத்தை வீட்ல வளருற பொண்ணு. அப்பா இங்க தலைநகர் பிஷ்கேக்லதான் வேலை பாக்குறார், தெரிஞ்சா ஓடி வந்துருவார்னு சொன்னா. அவர் பேரச் சொல்றதுக்குள்ள போனப் புடுங்கிட்டாங்க. அந்த மனுஷனுக்குச் சேதி போய்ச் சேர்ந்தா போதும், அவளக் கூட்டிட்டு வந்துருவார்.

— சேதி போச்சு.

— யார் சொன்னா உங்களுக்கு?

— கூட்டிட்டு வரத்தான் போனேன், சைக்கால். அவங்க வீட்டுப் பெரியவங்கல்லாம் என் கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டாங்க, எனக்குன்னு ஆடு வெட்டினாங்க. திரைக்குப் பின்னாலேர்ந்து அவ 'அப்பா'ன்னு கூப்பிட்டா. நான் கையக் கழுவிட்டு விருந்துக்கு உட்கார்ந்துட்டேன்.