குரல் வெட்டாத பெட்டி

— அதெல்லாம் இருக்கட்டும்மா கலைமதி. கம்ப்யூட்டர்ல ஆட்டம் ஓடறப்ப பேச்சு வெட்டாம வரணும். அதுக்கு எது, ஒத்தையா ரெட்டையா?

— மாதப்பண்ணா, மூணாவது தடவ சொல்றேன். சிங்கிள் கோர்னா உள்ள மூளை ஒண்ணு. டூயல் கோர்னா ரெண்டு. சிம்பிள். உங்க பையன் ப்ளஸ் ஒன் படிக்கறான், சாயந்தரம் கேம் ஆடறான். இன்னிக்கு வர்ற கேமுக்கு ஒண்ணே போதும். மிச்சமாவற காசுல நல்ல கிராபிக்ஸ் கார்டா போட்டுத் தரேன். படம் கண்ணாடி மாதிரி ஓடும்.

— படம் எப்படியோ ஓடிட்டுப் போவுது. இப்ப வூட்டுல இருக்கற பழைய பொட்டியும் ஒத்த மூளைதானே? அதுலதான் பேச்சு துண்டு துண்டா வருது.

— அது வரும். கேமு முழு மூளையையும் இழுத்துக்கும். மிச்சம் மீதி இருந்தாத்தான் பேச்சுக்கு.

— ஒரே ஆளு தண்ணியும் கட்டி மருந்தும் அடிக்கற கத.

— கரெக்ட்டா புடிச்சிட்டீங்க. டூயல் கோர்னா தண்ணிக்கு ஒரு ஆளு, மருந்துக்கு ஒரு ஆளு. சிம்பிள்.

— ஆவட்டும். ரெட்டையே போடு.

— இருங்கண்ணா, அவசரப்படாதீங்க. இண்டூர்லருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க, ஆடறவனக் கூட்டியாரல. அவன் என்ன கேட்டான்?

— முத்துராஜுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். பழசு ரிப்பேரு, மாத்திட்டேன்னு சொல்லிக்குவேன்.

— இப்படியும் ஒரு அப்பா! நான் இந்தக் கடை போடறப்ப எங்கப்பா ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கித் தரல. சரி, அவ்வளவு நேரம் யாரோடதான் பேசறான்?

— ராஜான்னு ஒரு பையனாம். ஓசூராம். ஏழு மணி ஆனாப் போதும், "ராஜா, வந்துட்டியா"ன்னு ஆரம்பிச்சிடுவான். ரெண்டு பேருமா சேந்து எவனையோ சுட்டுக்கிட்டுக் கெடப்பாங்க.

— அண்ணா, சொல்றேன்னு தப்பா நெனக்காதீங்க. மொகந் தெரியாதவங்கூட தெனம் என்ன பேச்சு? பேச்சு வெட்டுனா வெட்டட்டும். சலிச்சுப் போயி அவனே நிறுத்திடுவான். யாவாரம் போனாலும் போவுதுன்னுதான் சொல்றேன்.

— நிறுத்திடுவானா?

— பின்ன? துண்டு துண்டா எத்தன நாளைக்குத்தான் பேசுவாங்க?

— அப்படிச் சொல்லாதம்மா. உன் வாயால அப்படிச் சொல்லாத.

— ஏண்ணா, என்ன ஆச்சு? இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க மொதல்ல.

— நானும் உன்ன மாதிரிதான் நெனச்சேன். படிப்பு கெடுதுன்னு கோவத்துல அவன் ஹெட்போனப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். மக்யா நாளு ஸ்பீக்கர மெல்லமா வெச்சுப் பேசிக்கிட்டிருந்தான். மாட்டுக்குச் சோளத்தட்டு போட ஜன்னல் பக்கமாப் போனேன். ராஜா பேசறது காதுல வுழுந்துச்சு.

— கெட்ட வார்த்தையா?

— பொம்பளக் குரலு.

— அய்யய்யோ! லவ்வாண்ணா?

— "தம்பி, சாப்ட்டியாடா"ன்னு கேட்டுச்சு.

— தம்பியா?

— என் மூத்த மவம்மா. வெண்மதி. அந்தப் பழைய பொட்டியே அவ காலேஜ் படிக்கறப்ப வாங்குனதுதான். புடிச்சவனக் கட்டிக்கிட்டுப் போயி நாலு வருசம் ஆச்சு. அன்னிக்கே சாதி சனத்துக்கு நடுவுல நின்னு தலை முழுவிட்டேன்னு சொல்லிட்டேன். ரேஷன் கார்டுல பேர எடுத்தேன். எவனாச்சும் அவளுக்குப் போன் போட்டா கைய ஒடிப்பேன்னு வூட்டுல சொல்லி வெச்சேன். கம்ப்யூட்டரச் சொல்ல வுட்டுட்டேன்.

— பையன் கெட்டிக்காரன்தான்!

— அவ அம்மாளுக்கும் தெரியும்னு வெச்சுக்க. ஏழு மணியானா டிவி சத்தத்தக் கொறச்சுடறா. தெரியாதது எனக்கு மட்டுந்தான்னு மூணு பேரும் நெனச்சுக்கிட்டிருக்காங்க.

— ஒரு போனப் போட்டுடுங்கண்ணா. இந்தாங்க, என் போன்லயே போடுங்க. சிம்பிள்.

— உனக்கு சிம்பிள். நான் பேசுன பேச்சு அப்படி. அவ எடுத்து "யாரு"ன்னு கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? வாய் வராதும்மா. தட்டப் புடிச்சுக்கிட்டு ஜன்னலாண்ட நிக்கறேன், அது போதும். மாடுதான் தின்னு தின்னு பெருத்துப் போச்சு.

— சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலண்ணா. சரி, டூயல் கோரே போடறேன். பையனுக்குப் புது ஹெட்போன் ஒண்ணு சும்மாவே தரேன்.

— ஹெட்போன் வேணாம்! நல்ல ஸ்பீக்கராக் குடு. ஜன்னலுக்கு வெளிய கேக்கணும்.

— அடடா, ஆமாமா. ஸ்பீக்கரே தரேன். சேலத்துலருந்து சாமான் வரணும், மாட்டிப் பாக்கணும். வெள்ளிக்கெழம வாங்க.

— இன்னிக்கே ஆவாதா?

— நாலு வருசம் பொறுத்தீங்க. மூணு நாளு பொறுக்க மாட்டீங்களா? அப்படி என்ன அவசரம்?

— பேச்சு நடுவுல ஒரு கொழந்த அழுவுதும்மா. ஒடனே வெண்மதி அதப் பேரு சொல்லிக் கூப்புடறா. ஒவ்வொரு தடவையும் அந்தப் பேருகிட்டதான் வெட்டுது. எனக்குப் பொறந்திருக்கறது பேரனா பேத்தியான்னு இன்னும் தெரியல.