மஞ்சள் சிவக்காத தண்ணீர்

இன்ஸ்பெக்டர் மலர்விழி அவர்களுக்கு,

முதலில் யார் எங்கே இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். கோயில் பந்தலின் வலப்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் தலைவர் சபாபதி. பக்கத்தில், அரைத்த மஞ்சள் கிண்ணத்தோடு என் அண்ணி புஷ்பவல்லி. அண்ணியின் மகள் மாதவி உட்காரவே இல்லை. முறைப்பையன் யுகேந்திரனைத் துரத்திக்கொண்டிருந்தாள். நான் லோரியின் பின்னால், டிரம்களோடு.

கிள்ளான் நகரம் முழுக்க அன்று தண்ணீர் கட். திருவிழா முடிந்து மஞ்சள் நீர் விளையாட ஒரு சொட்டு இல்லை. காலையில் தலைவர் முகம் தொங்கிப்போயிருந்தது. நான் கொண்டு வருகிறேன் என்றேன்.

"சாக்கடை மாமா தண்ணி கொண்டு வராராம் லா," என்றான் யுகேந்திரன். எல்லோரும் சிரித்தார்கள். சாயத் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறவன் நான். குடும்பத்தில் எனக்கு அதுதான் பெயர்.

என் வேலை அழகானது. கறுப்புத் தண்ணீரில் அமிலம் விட்டு, இரும்பு உப்பைப் போட்டு, பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துப் பொங்கிச் சாயத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் கைதட்டத் தோன்றும். அன்று டிரம்களில் பிடிக்க வேண்டிய தண்ணீர் சீக்கிரம் தெளியட்டும் என்று பெராக்சைடைத் தாராளமாகவே விட்டேன். கடைசியில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அடக்கி, மிச்சப் பெராக்சைடின் காரம் போக ஒரு ராத்திரி ஆறவிட வேண்டும். அதைச் செய்யவில்லை.

மறதி என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்பு கூடிவிட்டால் மஞ்சள் சிவந்து ஆரத்தித் தண்ணீராகிவிடும், அண்ணி தொடவிடமாட்டார். அமிலத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். கரைந்திருந்த இரும்பும் லேசான மஞ்சள்தான். பொருத்தமாக அமைந்தது.

அண்ணி ஒரு குவளையில் கரைத்துப் பார்த்தார். "சிவக்கவே இல்லையே. நல்ல தண்ணிதான் தம்பி."

நான் அடுத்த டிரம்மின் மூடியைத் திறந்தேன்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யுகேந்திரன் வழுக்கி விழுந்தான். "சித்தப்பா, இன்னொரு டிரம்," என்று மாதவி கத்தினாள். நானும் லோரி மேல் நின்று ஆடினேன். எனக்கு ஆடத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

அந்த ஆட்டத்தில் யுகேந்திரன் ஒரு வாளி நிறைய மாதவியின் முகத்தில் அடித்தான். "கண்ணு எரியுது," என்றாள். மஞ்சள் பட்டிருக்கும் என்றார்கள். கழுவ வேறு தண்ணீர் ஏது? என் டிரம்மிலிருந்தே மொண்டு மொண்டு ஊற்றினார்கள். மொண்டு கொடுத்தது நான்தான். வேண்டாம் என்றால் விளையாட்டு நின்றுபோயிருக்கும். எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

இரண்டு கண்ணிலும் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் இப்போது வந்து தங்கியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் தபால் நிலையம் மூடுவதற்குள் போக வேண்டும். இத்தோடு உறையை ஒட்டுகிறேன். மாதவிக்கும் தனியாக ஒன்று ஒட்டி வைத்திருக்கிறேன். சிரமப்படாமல் படிக்கட்டும் என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.