மலையைக் காணோம்

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு அப்பால் மலை பாதி மேகத்தில் கரைந்திருந்தது. நான் கண்ணயர்ந்துகொண்டிருந்தேன்.

"நாளைக்காச்சும் ஒழுங்காச் சுட்டுரணும்க்கா. போன தடவை ஒண்ணுகூட படல," என்றாள் இளையவள்.

என் தூக்கம் சின்னமனூரிலேயே இறங்கிக்கொண்டது. சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இருவரும் பெண் காவலர்கள், நாளை துப்பாக்கிப் பயிற்சி என்று பேச்சில் தெரிந்த பிறகும் பையை இறக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் என்ன சொன்னாக?"

"கை நடுங்குதாம். இந்தத் தடவையும் விட்டா ஸ்டேஷன்ல எழுத உக்கார வச்சிருவாகளாம்."

"ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல சின்னதா ஓட்டை விட்டு அந்த மலையப் பாரு. தெரியுதா?"

"தெரியுது."

மூத்தவள் தன் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணைப் பொத்தினாள்.

"இப்ப?"

"மலையக் காணோம்க்கா."

"உனக்கு இடது கண்ணுதான் முந்துது. நீ வலது தோள்ல வச்சுச் சுடுற. கை பாவம், அது என்ன செய்யும்."

இளையவள் இல்லாத துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றி, ஜன்னல் வழியே மெல்லக் குறிபார்த்தாள்.

"அங்கனயேதான் இருக்குக்கா."

நான் பையை மடிக்கு இறக்கினேன்.