இடது சீட்டு

அந்த நாலு எடைமேடைகளையும் மண்டிக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. பருத்தி வரத்து ஆரம்பித்துவிட்டது. மேடை இல்லாமல் மாரீஸ்வரன் அண்ணாச்சி தவித்துப்போவார். இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்த பழக்கம் எனக்குக் கிடையாது.

எதற்கு நாலு என்று கேட்டீர்கள். வண்டியின் நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொன்று. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு கனம் இறங்குகிறது என்று பார்ப்பதற்கு. பெரிய ஊர்களில் பந்தயக் காருக்கென்றே தனி மேடை உண்டாம். அருப்புக்கோட்டையில் பருத்தி மூட்டை நிறுக்கிற மேடைதான் உண்டு. அதுவே போதும் என்று கண்டுபிடித்தவன் என் தம்பி பாலமணிகண்டன். அவன் கெட்டிக்காரன். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

என் பெயர் நாகசுப்பிரமணியன். வயது நாற்பத்தாறு. திருச்சுழி ரோட்டில் பட்டறை. முதலில் பவர்லூம் ரிப்பேர் பார்த்தேன், அப்புறம் பைக், அப்புறம் கார். பதினெட்டு வருஷம் பலகையில் 'நாகு ஒர்க்ஸ்' என்றுதான் இருந்தது. தம்பி கோயம்புத்தூரில் ஒரு ரேஸ் வண்டிப் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தான். வந்த மறு வருஷம் பலகை 'மணி - நாகு மோட்டார்ஸ்' ஆயிற்று. மணி என்பது சின்னப் பேர், முன்னால் வந்தால் பார்வையாக இருக்கும் என்றான் பலகை எழுதுகிற காசிராஜன். சரி, எழுது என்றேன். சின்ன விஷயம்தானே.

அதன் பிறகு வாசலில் வண்டியை நிறுத்துகிறவன் எல்லாம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மணி இல்லையா?" என்பான். "சாப்பிடப் போயிருக்கான், உக்காருங்க" என்பேன். நாலு வருஷம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒருவன்கூட, "நீங்களே பாருங்களேன்" என்று சாவியை நீட்டியதில்லை.

இதெல்லாம் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். என் கோபம் தம்பி மேல் இல்லை, நவநீதகிருஷ்ணன் மேல். அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நவநீதகிருஷ்ணன் ஜின்னிங் மில்காரர் வீட்டுப் பிள்ளை. முப்பது வயசு. அவனுடைய காரை நீங்கள் நசுங்கின பிறகுதான் பார்த்தீர்கள். நல்லா இருந்தபோது பார்த்திருக்க வேண்டும். ரெண்டே சீட்டு, பைபர் பாடி, மொத்தமே அறுநூறு கிலோ சொச்சம். நாலு பேர் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம். உள்ளே ஆயிரம் சிசி என்ஜின். அந்த உடம்புக்கு அது தாராளம். அவனுக்குப் போதவில்லை. பின்னால் இடிபட்டு நொறுங்கிய ஒரு பெரிய காரிலிருந்து ரெண்டாயிரம் சிசி என்ஜின் ஒன்றைக் கழற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கோங்க. மணி, இதத் தூக்கி அதுக்குள்ள வச்சிரலாமா?"

பெரியவர். எனக்குத் தலை முக்கால்வாசி கறுப்புதான்.

"என்ஜினு அறுபது கிலோ கூட வரும் தம்பி. மூக்கு கனத்துப்போகும். பிரேக்கு, ஸ்பிரிங்கு எல்லாத்தையும் மாத்தணும். சும்மா தூக்கி வைக்கிற காரியம் இல்ல" என்றேன்.

"டிராக்டர் கணக்கெல்லாம் இதுக்கு ஆகாது பெரியவரே."

மணி சிரிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அஞ்சு நிமிஷம் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, நான் சொன்னதையே அவனும் சொன்னான். மூக்கு கனக்கும், பிரேக் மாற்ற வேண்டும், ஸ்பிரிங் மாற்ற வேண்டும். நவநீதன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

நாலு மாத வேலை. என்ஜினை நாலு விரல் பின்னுக்குத் தள்ளி உட்காரவைத்தான் மணி. பேட்டரியைச் சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனான். எல்லாம் அமைந்தது, நடுக்கம் ஒன்றைத் தவிர. ஸ்டார்ட் பண்ணினால் ஸ்டியரிங் பிடித்த கை மரத்துப்போகும். என்ஜினைத் தாங்குகிற ரப்பர் மூன்று தடவை கிழிந்தது. கோயம்புத்தூர்ப் படிப்பு அங்கே நின்றுபோயிற்று.

நாலாவது ரப்பரை வைத்தவன் நான். பவர்லூமில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடாக் கட்டை பறந்து வந்து மோதி நிற்கிற இடத்தில் ஒரு ரப்பர் பஃபர் இருக்கும். நாளெல்லாம் அடி வாங்கினாலும் கிழியாது. அதில் எட்டை எடுத்து அடுக்கி, ரெண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து இறுக்கினேன். நடுக்கம் நின்றது. பானெட் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து என்ஜினை ஓட்டிப் பார்த்தோம். தளும்பவில்லை.

மறுநாள் நவநீதன் போனில் ஒரு வீடியோ போட்டான். ஊரே பார்த்தது. "லூம் பஃபரக் கொண்டாந்து காருக்கு வச்ச மூளை யாரு மூளை? நம்ம மணி மூளை" என்கிறான். அதில் நானும் இருக்கிறேன், ஐயா. ஓரத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் மனைவி தேவிபிரியா பார்த்துவிட்டு, விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்திருந்தால் உங்கள் முகமும் தெரிந்திருக்குமே என்று எங்கள் வீட்டுத் தெலுங்கில் சொன்னாள். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். கிண்டல் என்றால் நான் தாங்கியிருப்பேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. லூம் காலத்திலிருந்து வருவது. தறியைப் பிரித்துக் கட்டினவன் முதல் ஓட்டத்தின்போது பக்கத்தில் நிற்க வேண்டும். நாடா தெறித்தால் அவன் மேல் தெறிக்கட்டும். காருக்கும் அதேதான். முதல் ஓட்டத்தில் சொந்தக்காரன் ஓட்டுவான், வேலை பார்த்தவன் இடது சீட்டில் உட்காருவான். அந்தச் சீட்டு எப்போதும் என்னுடையது.

முதல் ஓட்டத்துக்கு முந்தின நாள் காலையில் வண்டியை மேடைகளில் ஏற்றினோம். ஆள் உட்கார்ந்த கனமும் சேர வேண்டும் என்று சீட்டுகளில் பருத்திக்கொட்டை மூட்டை வைத்தான் மணி. வலது சீட்டு மூட்டை எழுபத்துநாலு கிலோ. அது நவநீதன். இடது சீட்டு மூட்டையை நிறுத்து, கொஞ்சம் அள்ளிப் போட்டு, மறுபடி நிறுத்து வைத்தான். எண்பத்திரண்டு. மணி அறுபத்திரண்டு கிலோதான். எண்பத்திரண்டு நான்.

அண்ணனுக்குத்தானே அந்தச் சீட்டை ஒதுக்கியிருக்கிறான், உங்களைத்தானே வேலை பார்த்தவராக மதித்திருக்கிறான் என்று கேட்கிறீர்கள். அப்படியும் பார்க்கலாம். நான் பார்த்தது வேறு. நாலு மாத வேலையில் என் பங்கு எண்பத்திரண்டு கிலோ. ஒரு மூட்டை. விளக்குப் பிடித்தவன் இப்போது பாரத்துக்கு உட்கார வேண்டும்.

அன்று மத்தியானம் மணி சாப்பிடப் போனான். முக்கால் மணி நேரம் கிடைத்தது. இடது முன்சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் ஒரு நட்டு இருக்கிறது. அது கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு கம்பி செருகியிருக்கும். கம்பியை உருவிவிட்டு, நட்டைப் பாதிக்கு மேல் தளர்த்தி வைத்தேன். மெதுவாக ஓட்டினால் தாங்கும். பரளச்சி ரோட்டில் கண்மாய்க்கரை வளைவை வேகமாகத் திருப்பினால் தாங்காது. நவநீதன் மெதுவாக ஓட்டுகிற ஆள் இல்லை. இதை அவனுக்காகத்தான் செய்தேன். டிராக்டர் கணக்கு என்றானே, அதற்கு.

காசிராஜன் உங்களிடம் சொன்னதும் நிஜம். மறுநாள் காலை எட்டு மணிக்கே அவனுக்குப் போன் போட்டு, "பதினொரு மணிக்கு வாப்பா, பலகையில கொஞ்சம் வேலை இருக்கு" என்றேன். வண்டி கவிழ்ந்தது பத்தே முக்காலுக்கு. அதை வைத்து நீங்கள் என்னென்னவோ யோசிக்கிறீர்கள். பலகை வெயிலில் வெளுத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

பூசை முடிந்து எலுமிச்சம்பழம் நசுக்கினோம். வீட்டில்தான் மணி என்னை 'அன்னய்யா' என்பான், பட்டறையில் 'அண்ணே'. அன்று எல்லாரும் நிற்கும்போதே, "அன்னய்யா, ஏறு" என்றான்.

"இடுப்பு புடிச்சிருக்குடா. நீ உக்காரு."

"ஒன் எடைக்குல்ல செட்டு பண்ணிருக்கேன். நான் உக்காந்தா இருபது கிலோ கொறையுமே."

"ஏறுங்க மணி. பெரியவரு பயப்படுறாரு" என்றான் நவநீதன். நின்றவர்கள் சிரித்தார்கள்.

மணி ஒரு சின்னச் சாக்கில் இருபது கிலோ பருத்திக்கொட்டையை நிறுத்து எடுத்துவந்து தன் காலடியில் வைத்துக்கொண்டான். "இது ஒம் பங்கு, அன்னய்யா. நீயும் வாரேன்னு வச்சுக்கிடுவோம்" என்றான்.

வண்டி கிளம்பின சத்தம் அருமையாக இருந்தது. ரெண்டாயிரம் சிசி, அந்தச் சின்ன உடம்புக்குள். துளி நடுக்கம் இல்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். கண்மாய்க்கரை வளைவில் சக்கரம் மடங்கி, ரெண்டு தடவை புரண்டு, கருவேலங்காட்டுக்குள் போய் நின்றிருக்கிறது. நவநீதனுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் சேர்ந்துவிடும் என்று சொல்கிறார்கள். மணியின் உடலை இருபதடி தள்ளி எடுத்தார்கள். ரோடெல்லாம் பருத்திக்கொட்டை சிதறிக் கிடந்ததாம். உங்கள் ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் ஆடுகள் வந்து தின்ன ஆரம்பித்துவிட்டன என்று ஏட்டு மாரிசெல்வம் சொன்னார்.

நவநீதன் போனிலிருந்து எடுத்த வீடியோவை நேற்று எனக்குப் போட்டுக் காட்டினீர்கள், வெட்டாத வீடியோ. "நம்ம மணி மூளை" என்று அவன் சொன்னதும் மணி கையை ஆட்டி, "அது எங்க அண்ணன் வச்சது. அவரு இல்லாட்டி இன்னும் ஆடிக்கிட்டுத்தான் கெடக்கும்" என்கிறான். நவநீதன் அதை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறான். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். எனக்குத் தோன்றியது இதுதான்: இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நட்டைத் தளர்த்தியது நவநீதனுக்காக என்றால், சீட்டு யாருக்காக?

ஆமாம். அன்று மத்தியானம் மீதி நேரத்தில் அதையும் செய்தேன். இடது சீட்டைத் தரையோடு பிடிக்கிற நாலு போல்டும் மேலே அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அடியில் நட்டை மட்டும் கழற்றினேன். உட்கார்ந்தால் தெரியாது. புரண்டால்தான் தெரியும். அந்தச் சீட்டின் பெல்ட் வண்டியோடு இல்லை, சீட்டோடு சேர்ந்தது. சீட்டு போனால் ஆளும் போவான். அப்படி வடிவமைத்தவன் மணிதான். நாலு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, அந்த அளவு நட்டு வைக்கிற டப்பாவிலேயே போட்டிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

வலது சீட்டைத் தொடவில்லையா என்கிறீர்கள். தொட்டேன். அதன் நட்டுகளை ஒவ்வொரு சுற்றுக் கூடுதலாக இறுக்கினேன். வாடிக்கைக்காரன் சீட்டு.

ஆனால் தம்பி மேல் கோபம் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. சாக்கு காலடியில் இருந்ததால் அன்று அவனால் குனிய முடியவில்லை. பெல்ட் கொக்கியைத் தேடித் தடுமாறினான். நான்தான் குனிந்து மாட்டிவிட்டேன். இறுகப் பிடித்திருக்கிறதா என்று ரெண்டு தடவை இழுத்தும் பார்த்தேன். கோபம் இருக்கிறவன் அதைச் செய்வானா?